வேட்டுக்கு முன் அறிவிப்பு வேண்டும்

கடலோரத்தில் வேட்டொலி எழுந்தால், அது பயிற்சியா ஆபத்தா என்று வள்ளத்திலிருக்கும் மீனவன் எவ்வாறு அறிவான்?

மன்னார் மாவட்டத்து முள்ளிக்குளம் மக்கள் 2007 செப்டம்பரில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர்; அவர்தம் மண்ணில் கடற்படைத் தளம் எழுந்தது. படைமுகாமும் மீன்பிடித் துறையும் அருகருகே அமைந்த கரையில், சூட்டுப் பயிற்சி நடத்துவோர்க்குத் தனிக்கடமை உண்டு.

தவறினால் விளைவது யாது? தமிழகத்து நார்த்தாமலை அருகே 2021 டிசம்பர் 30-ஆம் நாள், பயிற்சித் தளத்தினின்று வந்த குண்டு, வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாட்களில் அவன் மாண்டான். தரையில் நிகழ்ந்தது கடலில் நிகழாதோ?

பிரித்தானியப் பயிற்சித் தளங்களில் பகலில் செங்கொடியும் இரவில் செவ்விளக்கும் ஏற்றுகின்றனர். அம்முறை இங்கும் வேண்டும். நாளும் நேரமும் எல்லையும் மீனவர் சங்கங்களுக்குத் தமிழில் முன்னரே அறிவிக்கப்படல் வேண்டும். நாம் கேட்பது சலுகையன்று, உயிர்க்காவல்!