கயிறு இழுக்கும் போட்டியும் கூலிப் பேச்சும்

தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து ஏராளமான வாலிபர்கள் ஓசூர், பெங்களூர், திருப்பூர் ஆலைகளுக்குப் பிழைக்கப் போகிறார்கள். பெரிய கம்பெனிகள் பலவற்றில் ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. வருஷத்தில் ஒரு நாள் தொழிலாளர்களை மைதானத்துக்கு அழைத்துப் போய், வர்ண பனியன் மாட்டி, கயிறு இழுக்கச் சொல்கிறார்கள். மானேஜரும் காண்ட்ராக்ட் தொழிலாளியும் ஒரே கயிற்றைப் பிடிக்கிறார்கள். பிறகு விருந்து, “நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்று ஒரு பிரசங்கம். இதற்கு ‘டீம் பில்டிங்’ என்று பெயர்.

தோழர்களே, விளையாட்டை நாம் வெறுப்பவர்கள் அல்ல. பக்கத்து எந்திரத்தில் நிற்பவன் பெயர்கூடத் தெரியாமல் வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர்! பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த சகோதரனோடு பேச நமக்குப் பாஷை இல்லை. பந்துக்குப் பாஷை வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் சேர்ந்து ஆடினால் முகம் பழகும், கூச்சம் போகும். இது நல்லதே.

ஆனால் மறுநாள் காலை என்ன நடக்கிறது? ஒரே கயிற்றை இழுத்த இருவரில் ஒருவர் நிரந்தரத் தொழிலாளி. மற்றவர் அதே வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்யும் காண்ட்ராக்ட் தொழிலாளி. குடும்பம் என்றால் ஒரே அடுப்பில் இரண்டு உலையா? கூலியைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் கயிற்றைக் கொடுத்து அனுப்புவதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை யார் தந்தது?

விளையாட ஓய்வு வேண்டும். அந்த ஓய்வை எந்த முதலாளியும் மனமிரங்கித் தரவில்லை. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சொற்பக் கூலி; வார விடுமுறை கிடையாது. வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். ஊர் மக்கள் உதவினார்கள். பத்து நாட்களுக்குள் வெள்ளை நிர்வாகம் பணிந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அந்தச் சிவா 1925 ஜூலை 23 அன்று கண் மூடியது நமது பாப்பாரப்பட்டியில்தான்!

அந்த ஓய்வுக்கு இன்றும் ஆபத்து உண்டு. 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று அது வாபஸ் ஆயிற்று. 12 மணி நேரம் நின்றவனுக்கு ஆட்டம் எங்கே, தூக்கம் எங்கே?

நிர்வாகத்துக்கு நல்லுறவு வேண்டுமானால் வழி எளிது: தொழிலாளர் தேர்ந்தெடுத்த சங்கத்தோடு உட்கார்ந்து பேசட்டும். 2024 செப்டம்பர் 9 முதல் ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டதில் தலையானது சங்கத்துக்கு அங்கீகாரம். 2025 ஜனவரியில் சங்கம் பதிவு பெற்றது. அவர்களைச் சேர்த்துக் கட்டியது கோரிக்கை. வர்ண பனியன் அல்ல.

நம் வீட்டு விரிசல்

முதலாளியை மட்டும் குறை சொல்லி நிறுத்திக்கொள்ள முடியாது. 1921இல் சென்னை பி அண்டு சி மில் போராட்டத்தில் ஜாதி இந்துத் தொழிலாளரும் ஆதி திராவிடத் தொழிலாளரும் பிளவுபட்டார்கள்; புளியந்தோப்பில் ரத்தம் சிந்தியது; போராட்டம் தோற்றது. நம் மாவட்டத்திலேயே 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் அருகே மூன்று தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. எரிந்தது உழைப்பாளியின் வீடு. எரித்தவர்களை ஏவியது ஜாதி வெறி.

பகலில் ஒரே வயலில் நாற்று நடுகிறோம். ஒரே கரும்புத் தோட்டத்தில் வெட்டுகிறோம். சாயங்காலம் ஊருக்கு ஒரு டீம், காலனிக்கு ஒரு டீம் என்று பிரிந்து நிற்கலாமா? விளையாட்டுக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. கபடியில் தொடாமல் ஆட முடியாது. கைகோத்து வளைக்காமல் பாடி வருகிறவனைப் பிடிக்க முடியாது. எதிரணியில் ஒருவர் அவுட்டானால், வெளியே உட்கார்ந்திருக்கும் நம் ஆள் ஒருவர் உள்ளே வருகிறார். வேலைநீக்கமான தோழனுக்காகச் சங்கம் போராடுவதும் இதே நியாயம்தான்: வெளியே போனவனை மறப்பவர்கள் ஒரு அணியே அல்ல.

நாம் செய்ய வேண்டியது

கம்பெனி விளையாட்டு நாளில் ஆடுங்கள். ஆனால் அது சம்பளத்துடன் கூடிய நாளாக இருக்கட்டும். வார விடுமுறையைப் பறித்துக் கட்டாயப்படுத்தினால் மறுத்துப் பேசுங்கள். கோரிக்கைப் பேச்சுக்கு ஈடாக அதை ஏற்காதீர்கள்.

அதைவிட முக்கியமாக, சங்கங்களே விளையாட்டுக் குழுக்களைக் கட்டட்டும். நிரந்தரமும் காண்ட்ராக்டும், தமிழனும் வடநாட்டானும் ஒரே அணியில் ஆடட்டும். கிராமத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளை ஊரையும் காலனியையும் கலந்து அணி சேர்க்கட்டும். பெண்களையும் மறக்கக் கூடாது. ஞாயிறு அவர்களுக்கு அடுப்படி நாளாகவே இருக்கிறது. அந்த வேலையில் ஆண்கள் பங்கெடுத்தால்தான் அவர்களுக்கும் மைதானம் உண்டு.

மைதானத்தில் பழகிய கைகள் கோரிக்கை மனுவிலும் சேர்ந்து கையெழுத்திடட்டும். கயிறு நம் கையில் இருக்கட்டும், தோழர்களே! எல்லோரும் ஒரே பக்கம் நின்று இழுப்போம்!