மாத்திரை வீடு தேடி வருது, பருப்பு எப்போ வரும்?

 

திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், செய்யூர், திருப்போரூர் எந்த வட்டமாக இருந்தாலும் சரி, ஒரு தெருவில் பத்து வீடு ஏறி இறங்குங்கள். சர்க்கரை மாத்திரை இல்லாத வீடு எத்தனை இருக்குன்னு விரலை விட்டு எண்ணிடலாம். ஒரு காலத்தில் இது பணக்காரன் வியாதி. இப்போது நாற்று நடும் பெண்ணுக்கும் வருது, வலை இழுக்கும் ஆளுக்கும் வருது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேர்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன சொல்கிறார்கள்? "சோத்தைக் குறைங்க, பருப்பு, முட்டை, மீன், காய் சேர்த்துக்குங்க" என்கிறார்கள். நல்ல யோசனைதான். நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. சோற்றைக் குறைத்தால் மிச்ச வயிற்றை எதைக் கொண்டு நிரப்புவது? ரேஷன் கடையில் மலிவாகக் கிடைப்பது அரிசி. கொள்முதல் நிலையத்தில் வாங்குவது நெல். பம்புசெட்டு இருந்தால் சொர்ணவாரி, சம்பா, நவரை மூன்று பட்டத்துக்கும் நெல். காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை. எல்லாம் அரிசி! இது நம்ம நாக்கு செய்த குற்றமா, நாட்டின் திட்டம் செய்த குற்றமா?

நம்ம தாத்தா பாட்டி காலத்துத் தட்டு இப்படி இல்லை. ஏரிப் பாசனத்து நன்செய்யில் நெல். மேட்டுப் புன்செய்யில் கேழ்வரகு, கம்பு, வரகு, காராமணி, கொள்ளு, வேர்க்கடலை. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற வெள்ளைக்காரப் பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீர் ஊர்களை அளந்து எழுதிய கணக்கு இன்றும் இருக்கிறது. அதில் ஊர் ஊராக நிலத்தை வகை பிரித்துத்தான் எழுதியிருக்கிறது. நிலம் ரெண்டு வகை, தட்டும் ரெண்டு வகை. காலையில் கேவுரு கூழுக்கு மோரும் வெங்காயமும் சுட்ட கருவாடும். சதுரங்கப்பட்டினம், கோவளம் பக்கமிருந்து தலைச்சுமையாக வந்த நெத்திலியும் காரப்பொடியும் குழம்பில். வெள்ளைச் சோறு விசேஷத்துக்கு. அந்த அரிசியும் வீட்டு உரலில் குத்தியது. தவிடு கொஞ்சம் ஒட்டியிருக்கும். இன்றைக்கு மில்லில் வெள்ளை வெளேரென்று தீட்டித் தள்ளுகிறார்கள். தவிடு எண்ணெய் கம்பெனிக்குப் போகுது, மாவுச்சத்து நமக்கு வருது. தின்ற கொஞ்ச நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரையாக ஏறுகிறது. கேவுரு கூழ் இப்போது ஆடி மாசம் அம்மன் கோயிலில் ஊற்றினால்தான் உண்டு!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ரேஷன் அரிசியை நாங்கள் எதிர்க்கவில்லை. 2011 ஜூன் முதல் கொடுக்கப்படும் விலையில்லா அரிசி எத்தனையோ குடும்பத்தின் பசியைத் தீர்த்தது. அதில் கை வைக்க எவன் வந்தாலும் முதலில் மறிப்பது நாமாகத்தான் இருப்போம். அரிசியோடு நிறுத்திவிட்டார்களே என்பதுதான் நம்ம சண்டை.

பட்டணத்தில் பத்து வருஷத்துக்கு மேலாகவே ஒரு பேச்சு ஓடுது. பேலியோ உணவாம். ஆதி மனிதன் தின்ற மாதிரி தானியத்தை ஒதுக்கிவிட்டு இறைச்சி, முட்டை, நெய், கொட்டை தின்பது. நியாண்டர் செல்வன் தமிழில் எழுதிப் பரப்பினார். சர்க்கரை குறைந்தது, எடை குறைந்தது என்று சொல்பவர்கள் நிறைய. மாவைக் குறைத்தால் சர்க்கரை குறையும் என்பதில் நமக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் காலையில் 100 பாதாம் தின்னச் சொன்னால் கூலிக்காரன் எங்கே போவான்? அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து பாதாம் கப்பலில் வரணும். நம்ம கொல்லையில் விளைகிற வேர்க்கடலை விலை போகாமல் கிடக்கணும். 100 கிராம் பாதாமில் 21 கிராம் புரதம், வேர்க்கடலையில் 25 கிராம். கொள்ளில் 22, காராமணியில் 24, அரிசியில் வெறும் 7. வீட்டில் கூழ் குடித்தால் ஏழை, ஈ.சி.ஆர். ஓட்டலில் அதையே கண்ணாடிக் கிளாசில் குடித்தால் ஆரோக்கியம்!

அதே சமயம், சிறுதானியம் தின்றால் சர்க்கரை ஓடிப்போகும் என்று ஊரை ஏமாற்ற நாங்கள் தயாரில்லை. 100 கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து, அரிசியில் 10தான். எலும்புக்கு நல்லது. ஆனால் அதிலும் 72 கிராம் மாவுச்சத்து இருக்கு. சென்னை ஆராய்ச்சியாளர்களும் மருத்துவக் கவுன்சிலும் சேர்ந்து 2025-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பட்டென்று சொல்லிவிட்டது. இந்தியர் உடம்புக்குப் போகும் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவிலிருந்தே வருகிறது. அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானிய மாவோ மாற்றினால் மட்டும் போதாது. மொத்த மாவைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் போன்ற புரதம் வரணும். அதாவது களியைத் தலையணை அளவு தின்றாலும் அதே கதைதான். கொஞ்சம் களி, நிறையக் கீரை, கொள்ளுத் துவையல், ஒரு முட்டை, நாலு மத்தி மீன். இதுதான் தட்டு.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டே சோற்றை ஒரேயடியாகக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் போட்டு விழுந்துவிடுவீர்கள். டாக்டரிடம் சொல்லி மருந்து அளவைப் பார்த்துக்கொண்டு படிப்படியாகக் குறையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பு, கடலையைக் கூட்டுவதற்கு முன் கட்டாயம் கேட்கணும்.

சரி, கடலையும் காராமணியும் ஏன் கொல்லையை விட்டுப் போச்சு? நமக்கா பயிர் வைக்கத் தெரியாது? 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்குக் கேழ்வரகு 4,886 ரூபாய், வேர்க்கடலை 7,263, உளுந்து 7,800. காகிதத்தில் அழகாகத்தான் இருக்கு! அந்த விலைக்கு எடுக்க ஊருக்குப் பக்கத்தில் ஆள் வேணுமே? நெல்லுக்கு ஒரு கொள்முதல் நிலையம் இருக்கு, அது எவ்வளவு அழுது வடிந்தாலும். மற்றதுக்கு வியாபாரி வைத்ததுதான் விலை. இந்த லட்சணத்தில், 2025 மே மாதம் சுத்திகரிக்காத பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கான இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 10 ஆக வெட்டினார்கள். 2024-25 ஒரே வருஷத்தில் 65 லட்சம் டன்னுக்கு மேல் பருப்பு வகை வெளிநாட்டிலிருந்து இறங்கியது. மொசாம்பிக்கிலும் மியான்மரிலும் விளைந்த துவரை இங்கே வந்து நிற்கும்போது நம்ம மூட்டையை எவன் திரும்பிப் பார்ப்பான்?

இன்னொரு பக்கம் காட்டுப்பன்றி. கடலை போட்டால் ஒரே ராத்திரியில் கொல்லையை உழுது போட்டுவிட்டுப் போகுது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையே சுடும் என்று 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அறிவிப்பைப் பன்றி படிக்காது! வெறுத்துப்போனவன் சவுக்கு நடுகிறான். அதுக்கும் முடியாதவன் மனைக்காரனிடம் கொடுக்கிறான். புன்செய்யில் கலர் கொடி பறக்குது.

ரேஷனில் 2007-ல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் துவரம்பருப்பு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ. நாலு பேர் குடும்பத்துக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம்! ரசம் வைக்கக்கூடப் போதாது. எண்ணெய் என்று கொடுப்பது பாமாயில். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வரவேற்கிறோம். மாத்திரைக்கு வழி தெரிந்த அரசுக்கு, மாத்திரை வேண்டாத சாப்பாட்டுக்கு வழி தெரியாதா?

முடியாத காரியத்தை நாங்கள் கேட்கவில்லை. 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு ரேஷனில் கொடுத்தார்கள். அதை நம்ம மாவட்டத்துக்கும் கொண்டு வா, விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் கொடு. பருப்பை கார்டுக்கு 3 கிலோவாக்கு, காராமணியும் கொள்ளும் சேர்த்துக் கொடு. பாமாயிலுக்குப் பதில் நம்ம கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் கொடு. அதற்கான கேழ்வரகு, கடலை, பயறு எல்லாவற்றையும் வட்டத்துக்கு ஒரு நிலையம் திறந்து ஆதரவு விலைக்கு எங்களிடமே எடு. பன்றி அழித்த பயிருக்கு இழப்பீட்டைக் காலத்தில் கொடு.

வரும் குறைதீர் நாள் கூட்டத்துக்கு செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு மட்டும் வராதீர்கள். ஆளுக்கு ஒரு படி கடலையோ கேழ்வரகோ காராமணியோ மடியில் கட்டிக்கொண்டு வாருங்கள். அதிகாரிகள் மேசையில் கொட்டி விலை கேட்போம். ஆதரவு விலைக்கு எடுத்துக்கொண்டால் ரசீது வாங்குவோம். எடுக்க முடியாது என்றால் அதை எழுத்தில் கேட்போம். அடுத்த கிராம சபையில் அந்தக் காகிதத்தை வைத்தே தீர்மானம் போடுவோம். பெண்கள் அவசியம் வரணும். அடுப்படிக் கணக்கு தெரிந்தவர்கள் நீங்கள்தான். பேச வேண்டியதும் நீங்கள்தான்.