பைப் கேஸ் வந்தால் பாதிச் செலவா?

எண்ணூர் துறைமுகத்தில் 2019-இல் திரவ இயற்கை எரிவாயு முனையம் வந்த பிறகு, சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் குழாய் பதிக்கும் வேலை நடக்கிறது. கூடவே ஒரு பேச்சும் பரவுகிறது: சிலிண்டரை விட்டுப் பைப் கேஸுக்கு மாறினால் செலவு பாதியாகும், விலை ஏறாது, ஆபத்தே கிடையாது, பழைய அடுப்பே போதும். நான்கில் ஒன்றுகூட அப்படியே உண்மையில்லை.

முதலில் காசு. சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 14.2 கிலோ, கிலோ 63 ரூபாய் ஆகிறது. பைப் கேஸ் யூனிட் 45 ரூபாய் என்றால் உடனே ‘18 ரூபாய் லாபம்’ என்கிறார்கள். அந்த யூனிட் ஒரு கனமீட்டர், கிலோ அல்ல. சோறு வேகக் கணக்கு வெப்பத்தில்தான். ஒரு கிலோ எல்பிஜி ஏறக்குறைய 11,900 கிலோகலோரி தரும். ஒரு கனமீட்டர் இயற்கை எரிவாயு சுமார் 9,300. ஒரு சிலிண்டரின் வேலைக்கு 18 யூனிட் ஓடும், 810 ரூபாய். மிச்சம் பத்து சதவீதம், அவ்வளவே. உங்கள் ஊர் சிலிண்டர் விலையை 18-ஆல் வகுத்துப் பாருங்கள். வரியும் சேர்ந்த யூனிட் விலை அதற்குக் கீழே இருந்தால்தான் லாபம். வரியைக் கேட்டே ஆகவேண்டும்: சிலிண்டருக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, இயற்கை எரிவாயுவோ ஜிஎஸ்டிக்கு வெளியே, மாநில வாட் வரியில் இருக்கிறது. உஜ்வலாவில் 300 ரூபாய் மானியம் வாங்குபவருக்கு இதே கணக்கில் மாறுவது நஷ்டம். மாடிக்குத் தூக்கி வருபவர் கையில் கொடுக்கும், ரசீதில் வராத பணம் மிச்சமாவது மட்டும் வாஸ்தவம்.

விலை ஏறாது என்பதற்கு ஆதாரமே இல்லை. ஓஎன்ஜிசியின் பழைய கிணறுகளில் எடுக்கும் எரிவாயுவுக்கே 2023 ஏப்ரல் முதல் கச்சா எண்ணெய் விலையில் 10 சதவீதம் என்று மாதாமாதம் விலை வைக்கிறார்கள். அதற்கு உச்சவரம்பு உண்டு. கப்பலில் வரும் எரிவாயுவுக்கு அதுவும் கிடையாது.

பாதுகாப்பு விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். இயற்கை எரிவாயு லேசானது, மேலே போகும். தீப்பிடிக்கக் காற்றில் 5 சதவீதமாவது கலந்திருக்க வேண்டும். எல்பிஜிக்கு 2 சதவீதமே போதும். வீட்டுக்குள் 14 கிலோ சேமிப்பும் இல்லை. ஆனால் மேலே போன வாயு வெளியேற வழி வேண்டாமா? நம் அடுப்படிகளில் பரணுக்கு மேலே காற்றுப்போக்கியை அட்டையால் அடைத்திருப்போம், கரப்பான் வருகிறதென்று. அங்கே அது தேங்கத்தான் செய்யும்.

அடுப்பு மாறாவிட்டாலும் நாசிலை மாற்றியாக வேண்டும். எல்பிஜி 30 மில்லிபார் அழுத்தத்தில் வருகிறது, பைப் கேஸ் 21-இல். வெப்பமும் குறைவு, அழுத்தமும் குறைவு என்பதால் நாசில் துளை பெரிதாக இருக்க வேண்டும். பழைய நாசிலிலேயே எரித்துவிட்டு ‘பைப் கேஸில் தோசை முறுகுவதில்லை’ என்று குறைப்பட்டுப் பயனில்லை. பழைய துளையை ரிப்பேர்காரர் துரப்பணத்தால் அகலப்படுத்த விடாதீர்கள். கம்பெனி ஆளிடம் அதற்குரிய நாசிலைப் போடச் சொல்லுங்கள்.

சொந்த வீடு, லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி, வாசல்வரை குழாய் வந்துவிட்டது என்றால் நான் மாறச் சொல்வேன். புக்கிங் தொல்லை தீர்வதற்காக. வாடகை வீட்டுக்காரர்கள் பொறுக்கலாம். மாறித்தான் ஆகவேண்டுமென்றால், சிலிண்டர் இணைப்பை ஒப்படைத்ததற்கான தாளையும் கழற்றிய நாசில்களையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த வீட்டில் குழாய் இருக்குமென்று யார் கண்டது?