கால்பந்தின் புரவலர் யார்?

கொல்கத்தாவில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் பெயர்கள் இரண்டு விளையாட்டுக் கழகங்களை மட்டும் குறிப்பவை அல்ல. 1911 ஜூலை 29 அன்று ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட் அணியை 2-1 என வென்று ஐஎஃப்ஏ கேடயத்தைக் கைப்பற்றிய மோகன் பகான் வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடியவர்கள். ஆளும் வெள்ளையரின் படையணியைத் தோற்கடித்த அந்த ஆட்டம் வங்க மக்களின் தன்மான உணர்வோடு கலந்துவிட்டது. 1920இல் தொடங்கப்பட்ட ஈஸ்ட் பெங்கால், பிரிவினைக்குப் பின் வீடும் நிலமும் இழந்து வந்த அகதிகளுக்கு, இழந்த மண்ணின் அடையாளமாக விளங்கியது. இந்தப் பற்றை எந்த முதலாளியும் உருவாக்கவில்லை. ஆனால், அவர்கள் இன்று விலை பேசுவது இதைத்தான்.

ஸ்பான்சர் என்ற சொல்லை நாம் ‘புரவலர்’ என்று மொழிபெயர்க்கிறோம். பழந்தமிழ்ப் புரவலன் பாட்டைக் கேட்டுப் பரிசில் தந்தான். அதனால் புகழும் பெற்றான். ஆனால் பாணனையும் அவனது யாழையும் தன் பெயருக்கு எழுதி வாங்கவில்லை. இன்றைய புரவலர்கள் அப்படியல்லர்.

1998இல் விஜய் மல்லையாவின் யுனைடெட் புரூவரீஸ் குழுமம் பரம எதிரிகளான இவ்விரு கழகங்களின் கால்பந்து அணிகளிலும் தலா 50 விழுக்காட்டுப் பங்கினைப் பெற்றது. அணிகளின் பெயர்களுக்கு முன்னால் மெக்டவலும் கிங்ஃபிஷரும் வந்து அமர்ந்தன. மதுவை நேரடியாக விளம்பரம் செய்யத் தடைகள் இருக்கும் நாட்டில், ரசிகனின் உதடே விளம்பரப் பலகையானது. பின்னர், சாரதா நிதி நிறுவனமும் கொல்கத்தா கால்பந்துக்குப் பணம் கொடுத்துப் பெயர் தேடியது. 2013 ஏப்ரலில் அந்நிறுவனம் சரிந்தபோது, பல இலட்சம் ஏழை, எளிய மக்களின் சேமிப்பு பறிபோனது. வீட்டு வேலை செய்யும் பெண்ணும் ரிக்‌ஷா இழுப்பவரும் சிறுகச் சிறுகச் சேர்த்த காசில்தான் அந்தப் ‘புரவலர்’ வள்ளலாக வலம் வந்தார். மக்கள் நேசித்த கழகங்களின் நிழலில் நின்று, அவர் அந்த மக்களின் நம்பிக்கையையே ஈட்டிக்கொண்டார்.

அடுத்த கட்டத்தில் விளம்பரம் உடைமையாக மாறியது. 2018இல் ஈஸ்ட் பெங்கால் அணியின் 70 விழுக்காட்டுப் பங்கு குவெஸ் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 2020இல் அது வெளியேற, ஸ்ரீ சிமெண்ட் வந்தது. 2022இல் அதுவும் விலக, இமாமி வந்தது. நான்கே ஆண்டுகளில் மூன்று முதலாளிகள்! 2021 ஜூலையில், ஒப்பந்தத்தில் கையெழுத்திடு என்று ஒரு பகுதி ரசிகர்களும், கழகத்தின் உரிமையை விட்டுக்கொடுக்காதே என்று மறு பகுதியினரும் கழக வாயிலில் மோதிக்கொண்டனர். காவல்துறை தடியடி நடத்தியது. முதலாளி வேண்டுமா, உரிமை வேண்டுமா என்று ஒரே அணியின் ரசிகர்களையே இரண்டாகப் பிளந்ததுதான் அந்த ஒப்பந்தத்தின் முதல் சாதனை.

மோகன் பகானிலோ, 2020இல் 80 விழுக்காட்டுப் பங்கை ஆர்பி-சஞ்சீவ் கோயங்கா குழுமம் பெற்றது. நூறாண்டு கடந்த பெயருக்கு முன் ‘ஏடிகே’ ஒட்டப்பட்டது. ரசிகர்கள் விடாமல் போராடியதால், 2023இல் அந்த முன்னொட்டு நீங்கியது. ஆனால் ‘சூப்பர் ஜயண்ட்’ என்ற குழும முத்திரை பின்னொட்டாக வந்து சேர்ந்தது.

முதலாளிகள் வந்ததால்தானே வீரர்களுக்கு நல்ல ஊதியம் கிடைக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கழகங்களைத் தம் சொந்தச் சொத்தாக நடத்திய பழைய நிர்வாகிகளின் காலம் பொற்காலம் அல்ல. விளையாட்டு வீரரும் உழைப்பாளியே. அவருக்கு முறையான ஊதியம் வேண்டும். ஆனால் அந்த ஊதியம் எதன் மீது நிற்கிறது? 2010இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தனது வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ரிலையன்ஸ் பங்கேற்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஒப்பந்தம் முடியும் தறுவாயில், 2025 ஜூலையில், இந்தியன் சூப்பர் லீக் போட்டிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஆகஸ்டில் பெங்களூரு அணி வீரர்களின் ஊதியத்தை நிறுத்தியது. நமது சென்னையின் எஃப்சியும் செயல்பாடுகளை நிறுத்தி வைத்தது. மேலே ஒரு கையெழுத்து தாமதித்தால் கீழே நூற்றுக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அணைகிறது. இதற்குப் பெயர் தொழில்முறை விளையாட்டு அல்ல, ஒப்பந்தக் கூலிமுறை.

உச்சியில் இருப்பவர் நிலை இதுவென்றால், அடித்தளத்தில் இருப்பவருக்கு அந்த ஒப்பந்தமும் இல்லை. 1898இல் தொடங்கிய கல்கத்தா லீக்கின் கீழ்ப் பிரிவுகளில் ஆடும் இளைஞர்கள் பலர், ‘கெப்’ எனப்படும் கிராமப் போட்டிகளில் ஆட்டத்திற்கு இவ்வளவு என்று கூலி பேசி ஆடுகின்றனர். முழங்கால் முறிந்தால் காப்பீடு கிடையாது. மறு வாரமே அவர் இடத்தில் வேறொருவர்.

இவர்களைப் போன்றவர்களுக்கு ஒரு காலத்தில் உண்மையான புரவலராக இருந்தவை பொதுத்துறையும் அரசுத் துறைகளுமே. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய பி.கே.பானர்ஜி, மோகன் பகானிலோ ஈஸ்ட் பெங்காலிலோ ஆடாமல், கிழக்கு இரயில்வேயின் வீரராகவே இருந்தார். 1958இல் அந்த இரயில்வே அணி கல்கத்தா லீக்கை வென்றது. கொல்கத்தாவின் மூன்று பெரும் கழகங்களிலும் கோல் காத்த தமிழர் பீட்டர் தங்கராஜ், மதராஸ் ரெஜிமெண்டில் ஆடி வளர்ந்தவர். சென்னையில் ஐசிஎஃப், இந்தியன் வங்கி அணிகள் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மாதச் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் தந்தன. கால் ஓய்ந்த பிறகும் கைக்கு வேலை இருந்தது. தனியார்மயமும் ஆட்குறைப்பும் விளையாட்டு ஒதுக்கீட்டு நியமனங்களையும் சேர்த்தே விழுங்கி வருகின்றன. எனவே, பொதுத்துறையைப் பாதுகாக்கும் போராட்டம் விளையாட்டைப் பாதுகாக்கும் போராட்டமும் ஆகும்.

நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். விளையாட்டு ஒதுக்கீட்டுப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். பதிவு பெற்ற ஒவ்வொரு வீரருக்கும், வீராங்கனைக்கும் காப்பீடும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும் வேண்டும். புரவலர்களின் பணத்தில் ஒரு பங்கு, மாவட்ட மைதானங்களுக்கும் கீழ்ப் பிரிவு அணிகளுக்கும் கட்டாயம் சேர வேண்டும். கழகங்களில் முடிவெடுக்கும் உரிமை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். இது கனவல்ல. முதலாளித்துவ ஜெர்மனியிலேயே, சில விலக்குகள் நீங்கலாக, கழக உறுப்பினர்களிடம் பெரும்பான்மை வாக்குரிமை இருந்தாக வேண்டும் என்ற விதி உள்ளது.

2024 ஆகஸ்ட் 18 அன்று, ஆர்ஜி கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட இளம் மருத்துவருக்கு நீதி கேட்டு, மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்கள் சால்ட் லேக் மைதானத்தின் வெளியே ஒன்றாகத் திரண்டனர். அன்று நடக்கவிருந்த ஆட்டம் முன்பே ரத்து செய்யப்பட்டிருந்தது, தடியடியும் நடந்தது. ஆயினும் நூறாண்டுப் பகை மறந்து ஒரே முழக்கம் எழுந்தது. எந்தப் புரவலரும் அவர்களை அழைத்து வரவில்லை. அந்தக் கூட்டம்தான் கால்பந்தின் உண்மையான உடைமையாளர். அதன் நடுவே நின்று உழைப்பது நமது கடமை.