கடன் வாங்கிக் காற்றாலை வைத்த கிராமம்!

மழை பெய்ய வேண்டிய மாதத்தில் பெய்வதில்லை. பெய்தால் ஒரே நாளில் கொட்டித் தீர்த்து விடுகிறது. வெயிலோ வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது.

"காலம் கெட்டுப் போச்சு" என்கிறார்கள் பெரியவர்கள்.

காலம் தானாகக் கெடவில்லை. நிலக்கரியும் பெட்ரோலும் எரியும்போது கரியமில வாயு வெளியாகிறது. அது கம்பளி போலப் பூமியைப் போர்த்திக் கொண்டிருக்கிறது. கம்பளி தடிக்கத் தடிக்க, உள்ளே இருக்கும் சூடு வெளியேற வழி இல்லை.

"இது டில்லியும் அமெரிக்காவும் பார்க்க வேண்டிய விஷயம். நம் ஊர்ப் பஞ்சாயத்து என்ன செய்ய முடியும்?" என்று சிலர் கேட்கிறார்கள்.

செய்ய முடியும். செய்து காட்டிய ஊர் கோவை மாவட்டத்திலேயே இருக்கிறது.

பில் காட்டிய வழி

மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் உள்ளது ஓடந்துறை பஞ்சாயத்து. 1996-ல் ஆர். சண்முகம் அதன் தலைவரானார். வீடுகளுக்குக் குடிதண்ணீர் வந்தது. தெருவுக்கு விளக்கு வந்தது. கூடவே மின்சாரக் கட்டணமும் வந்தது!

சில ஆயிரமாக இருந்த மாதக் கட்டணம் ஐந்தாறு வருஷத்தில் பல மடங்காகி விட்டது. ஜனங்கள் கட்டிய வரிப்பணத்தை மோட்டாரும் விளக்கும் தின்றன.

விளக்கை அணைத்து விடுவதா? தண்ணீரை நிறுத்தி விடுவதா? இரண்டும் வேண்டாம், மின்சாரத்தை நாமே உண்டாக்குவோம் என்று பஞ்சாயத்து முடிவு செய்தது.

2003-ல் 9 கிலோவாட் யந்திரம் ஒன்று வந்தது. கழிவு மரத்துண்டுகளை வாயுவாக்கி, அதில் இருந்து மின்சாரம் எடுக்கும் யந்திரம் அது. குடிதண்ணீர் மோட்டார் அதில் ஓடியது. செலவு குறைந்தது. துணிச்சல் பிறந்தது.

துணிந்து வாங்கிய கடன்

2006-ல் பஞ்சாயத்து 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். பஞ்சாயத்தின் சேமிப்பு 40 லட்சம். மீதி 1 கோடியே 15 லட்சம் பாங்கிக் கடன்!

ஒரு கிராமத்துக்கு இது சின்னத் தொகை அல்ல. காற்று ஏமாற்றி இருந்தால் கடன் ஊரின் தலையில் விழுந்திருக்கும். ஆனால் கணக்குப் பார்த்த பிறகே இறங்கினார்கள்.

காற்றாலையை ஊருக்குள் வைக்கவில்லை. உடுமலைப்பேட்டைப் பக்கம், காற்று பலமாக வீசும் இடத்தில் வைத்தார்கள். அங்கே உண்டாகும் மின்சாரம் வாரியத்தின் கம்பியில் சேருகிறது. ஓடந்துறையில் செலவாகும் மின்சாரம் அந்தக் கணக்கில் கழிகிறது.

வருஷத்துக்குச் சுமார் 6 லட்சத்து 75 ஆயிரம் யூனிட் கிடைத்தது. ஊரின் தேவை சுமார் 4 லட்சத்து 50 ஆயிரம் யூனிட்தான். மிச்சம் வாரியத்துக்கு விற்கப்பட்டது. காற்றாலை சம்பாதித்தே கடன் அடைந்தது.

நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால், ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அப்படியானால் ஓடந்துறை வருஷத்துக்குச் சுமார் 600 டன் வாயுவைத் தடுத்திருக்கிறது. ஊரின் பணமும் மிஞ்சியது; உலகத்துக்கும் நன்மை!

விமான நிலையமும் செய்தது

பஞ்சாயத்துகள் மட்டும் அல்ல, நிறுவனங்களும் இதைச் செய்யலாம். கேரளத்தில் கொச்சி விமான நிலையம் 45 ஏக்கரில் சூரியத் தகடுகளைப் பரப்பியது. 2015 ஆகஸ்டு 18-ந் தேதி 12 மெகாவாட் நிலையம் திறக்கப்பட்டது. முழுக்கச் சூரிய சக்தியில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்று அது பெயர் பெற்றது. பகலில் மிஞ்சுவதை மின்சார வாரியத்துக்குக் கொடுக்கிறது. இரவில் திரும்பப் பெற்றுக் கொள்கிறது.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கூட்டுறவுச் சங்கம், மில் எல்லாவற்றுக்கும் கூரை இருக்கிறது. அதன் மேல் வெயில் இலவசமாக விழுகிறது.

இன்றே செய்யக் கூடியவை

எல்லா ஊரும் காற்றாலை வாங்க முடியாது. சிறிய காரியங்களில் தொடங்கலாம்.

தெரு விளக்கு: 40 வாட் குழல் விளக்கை எடுத்து விட்டு 20 வாட் எல்.இ.டி. விளக்கைப் போடலாம். 100 விளக்குகள் தினம் 12 மணி நேரம் எரிந்தால், வருஷத்துக்கு 8,760 யூனிட் மிச்சம்.

குப்பை: காய்கறிக் கழிவும் எச்சில் இலையும் குப்பை மேட்டில் மக்கினால் மீதேன் வாயு வரும். அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு கெடுதல். அதையே தனியாகப் பிரித்தால் எருவாகும். சாண எரிவாயு போல அடுப்பும் எரியும்.

தண்ணீர்: தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களிலும் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயம் ஆக்கப்பட்டது. சென்னையில் கிணறுகளின் நீர் மட்டம் உயர்ந்தது. பிறகு பல இடங்களில் குழாய்கள் அடைத்துக் கிடந்தன. தூர் வாருவார் இல்லை. 2019-ல் வறட்சி வந்தபோது ஜோலார்பேட்டையில் இருந்து சென்னைக்கு ரெயிலில் தண்ணீர் கொண்டு போக வேண்டி வந்தது!

இதில் ஒரு பாடம் உண்டு. சட்டம் போட்டால் மட்டும் போதாது. அமைத்ததைப் பராமரிக்க வேண்டும். சூரியத் தகட்டின் தூசியைத் துடைக்க ஆள் இல்லாவிட்டால், அதுவும் வெறும் கண்ணாடிதான்.

கேட்பது உங்கள் உரிமை

"பஞ்சாயத்தில் பணம் இல்லை" என்ற பதில் வரும். பணம் எங்கே போகிறது என்று பார்த்தாலே பாதி வழி தெரிந்து விடும். ஓடந்துறைக்கு வழி காட்டியது மின்சார பில்தான்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. கிராமத்து வாக்காளர் யாரும் போகலாம், பேசலாம். பெண்கள் அவசியம் போக வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் குடத்தைத் தூக்கிக் கொண்டு அலைவது அவர்கள்தானே?

அங்கே மூன்று கேள்விகள் கேளுங்கள். சென்ற வருஷம் மின்சாரத்துக்கு எவ்வளவு கட்டினோம்? குப்பை எங்கே போகிறது? மழைத் தண்ணீர் எங்கே நிற்கிறது?

பதிலை எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அதே கேள்விகளை மறுபடியும் கேளுங்கள். கேட்கிற ஊரில்தான் வேலை நடக்கும்.