கேபினெட்டோட ஃப்ரீயா வந்த எஸ்.எம்.பி.எஸ்

போன மே மாச லீவுல ஒருநாள் சாயங்காலம், தேவிகாபுரத்துல எங்க சித்தப்பாவைத் தேடி ஒரு தறிக்காரர் வந்தார். செல்போன்ல ஒரு போட்டோ காட்டினார். பட்டுப் புடவை பார்டர், ஜரிகையில அன்னம் வரிசையா போகுது. ஒவ்வொரு அன்னத்தோட கழுத்துக்குப் பக்கத்துலயும், இருக்கக் கூடாத இடத்துல ஒரு ஜரிகைப் புள்ளி. எல்லா அன்னத்துக்கும் அதே இடம். முக்கால் முழம் நெய்த பிறகுதான் அவர் கண்ணுல பட்டிருக்கு.

சித்தப்பாவுக்கு டிசைன் போடுற வேலை. ஆரணிப் பட்டுன்னு கடையில விக்கிறதுல ஒரு பங்கு, ஆரணிக்குத் தெற்கே எங்க ஊர்ல, பெரியநாயகி அம்மன் கோயிலைச் சுத்தின தெருக்கள்ல இருக்கிற தறிகள்ல இருந்து போறதுதான். அந்தத் தறிகளுக்கு இவர் கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா டிசைன் வரைஞ்சு, ஜக்கார்டு அட்டை பஞ்ச் பண்ணிக் கொடுப்பார். ஒரு கட்டம்னா ஒரு கொக்கி. ஓட்டை இருந்தா கொக்கி தூக்கும், இல்லன்னா தூக்காது. 1804-ல பிரான்ஸ்ல ஜக்கார்டு கொண்டுவந்த இந்த முறையைப் பார்த்துதான் பாபேஜ் தன்னோட மெஷினுக்குத் துளை அட்டை யோசிச்சார்னு முதல் வருஷப் பாடத்துல நாம எல்லாரும் எழுதியிருக்கோம். 5 மார்க் கேள்வி. எங்க ஊர்ல அது இன்னும் சோறு போடுது.

ஃபைலைத் திறந்து பார்த்தோம். வாட்ஸ்அப்ல பார்ட்டிக்கு முன்னாடி அனுப்பின படத்துல அந்தப் புள்ளி இல்ல. கம்ப்யூட்டர்ல இருந்த பி.எம்.பி ஃபைல்ல இருந்தது. பி.எம்.பி-ல ஒரு பிட் புரண்டா ஃபைல் திறக்காமப் போகாது, எந்த எர்ரரும் வராது. ஒரே ஒரு பிக்சல் நிறம் மாறும், அவ்வளவுதான். அது அட்டையில ஒரு ஓட்டையாகி, தறியில ஒரு கொக்கியாகி, புடவை முழுக்க விழும். அன்னிக்கு ராத்திரி மெம்டெஸ்ட்86+ ஓடவிட்டேன். இருபது நிமிஷத்துலயே ஸ்க்ரீன் சிவப்பாயிடுச்சு. அந்தப் புள்ளி ராமாலதான் வந்துச்சுன்னு கோர்ட்டுல நிரூபிக்க முடியாது. ஆனா வேற ஆளைச் சந்தேகப்பட எனக்குக் காரணம் கிடைக்கல.

"இன்னாடா இது, நாலு வருசமா தானா ஆஃப் ஆயி ஆன் ஆவுது, அதான் கரண்ட்டு சரியில்லன்னு நெனச்சேன்"னார் சித்தப்பா. கரண்ட்டும் ஒரு காரணம்தான். கேபினெட்டைத் திறந்தா உள்ள இருந்தது கேபினெட்டோட ஃப்ரீயா வந்த எஸ்.எம்.பி.எஸ். லேபிள்ல பெருசா 450 வாட்ஸ். கீழ பொடி எழுத்துல 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர். பெருக்கிப் பாருங்க, 168 வாட்ஸ். இன்னிக்கு ப்ராசசர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் சாப்பிடுறது அந்த 12 வோல்ட்டைத்தான். மீதி 282 வாட்ஸ்ல முக்காவாசி ஸ்டிக்கர்ல மட்டும் இருக்கு.

இதை ஏன் நம்ம மேகஸின்ல எழுதறேன்னா, நம்ம ஹாஸ்டல் குரூப்ல வாரம் ஒருத்தர் "ப்ரோ, 50,000 பட்ஜெட், பில்டு லிஸ்ட் சொல்லுங்க"ன்னு கேக்கறாங்க. பதில் எப்பவும் ஒரே மாதிரி. முதல்ல கிராபிக்ஸ் கார்டு, அப்புறம் ப்ராசசர், அப்புறம் நாலு ஆர்.ஜி.பி ஃபேன். மிச்சம் இருக்கிற காசுல எஸ்.எம்.பி.எஸ். யு.பி.எஸ் லிஸ்ட்லயே கிடையாது. என் கருத்து, இந்த வரிசையைத் தலைகீழாப் பிடிக்கணும். எவ்வளவு எஃப்.பி.எஸ் வருதுன்னு யூட்யூப் சொல்லும். மூணு வருஷம் கழிச்சு உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஃபைல் அப்படியே இருக்குமான்னு அது சொல்லாது.

எஸ்.எம்.பி.எஸ்-ல 80 ப்ளஸ் ஸ்டிக்கர் பார்த்து நிம்மதி ஆகிடாதீங்க. அந்தச் சான்றிதழ் சொல்றது, வாங்குற கரண்ட்ல எவ்வளவு வீணாகாம வெளிய வருதுங்கிறதை மட்டும்தான். வோல்டேஜ் ஏறினா தன்னைத் தானே நிறுத்திக்குமா, உள்ள இருக்கிற கெபாசிட்டர் எத்தனை டிகிரி தாங்கும், சாகும்போது மதர்போர்டையும் கூட்டிட்டுப் போகுமா, இதுக்கெல்லாம் அது பொறுப்பு இல்ல. கெபாசிட்டர் விஷயம் எங்க பக்கம் ரொம்ப முக்கியம். எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடினா ஆயுசு பாதியாகும்னு நம்ம எலக்ட்ரானிக்ஸ் சார் சொன்ன கணக்கு ஞாபகம் இருக்கா? வேலூர், ஆரணி வெயில்ல ரூமே 38 டிகிரி இருக்கும், கேபினெட் உள்ள கேக்கவே வேணாம். 105 டிகிரி கெபாசிட்டர் போட்டதா, ரிவ்யூல பிரிச்சுப் பார்த்திருக்காங்களா, அஞ்சு வருஷமாவது வாரண்டி இருக்கா, இவ்வளவு கேட்டாப் போதும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத, 65 வாட்ஸ் ப்ராசசர் போட்ட மெஷினுக்கு உண்மையான 450 வாட்ஸ் தாராளம்.

அடுத்தது யு.பி.எஸ். "வீட்ல இன்வெர்ட்டர் இருக்கே"ன்னு சொல்வீங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஒரு சைக்கிள் 20 மில்லி செகண்டு. கரண்ட் போனா எஸ்.எம்.பி.எஸ் தாக்குப்பிடிக்கணும்னு ஏ.டி.எக்ஸ் விதி சொல்றது 17 மில்லி செகண்டுதான், ஒரு சைக்கிள்கூட முழுசா இல்ல. ஃபேன், லைட்டுக்காக வச்சிருக்கிற இன்வெர்ட்டர் சாதா மோடுல மாறறதுக்கு அதைவிட அதிக நேரம் எடுக்கலாம். கம்ப்யூட்டர் யு.பி.எஸ் வழக்கமா பத்து மில்லி செகண்டுக்குள்ள மாறிடும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரா இருந்தா இன்னொரு தலைவலி, ஆக்டிவ் பி.எஃப்.சி இருக்கிற நல்ல எஸ்.எம்.பி.எஸ் சிலது அந்த அலையைப் பார்த்தா முரண்டு பிடிக்கும்.

இதுக்கெல்லாம் முன்னாடி எர்த்திங். சித்தப்பா கேபினெட்ல கை வச்சா சுருக்குனு இழுக்கும், செருப்புப் போட்டுத்தான் உக்காருவார். எஸ்.எம்.பி.எஸ் உள்ள இருக்கிற ஃபில்டர் கெபாசிட்டர் வழியா கசியற கரண்ட் அது, எர்த் வழியாப் போகணும். எர்த் ஒயர் பிளக்கோட நின்னுட்டா நம்ம கை வழியாப் போகும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு குழி தோண்டி உப்பு, கரி போட்டு எர்த் எடுத்தோம். இந்த பில்டுல ஒரு கம்ப்யூட்டர் கடையிலயும் கிடைக்காத பார்ட் அதுதான்.

ராம் பத்தி. பாக்கெட்ல எழுதியிருக்கிற ஸ்பீடு பெரும்பாலும் எக்ஸ்.எம்.பி ஸ்பீடு, அதாவது ஓவர்க்ளாக். ஸ்டாண்டர்டு ஸ்பீடுலயே ஓட்டுங்க, எக்ஸெல்லோ ஆட்டோகேடோ வித்தியாசம் பெருசாத் தெரியாது. மதர்போர்டு கம்பெனி வெப்சைட்ல அந்த போர்டோட டெஸ்ட் பண்ணின ராம் லிஸ்ட் இருக்கும், அதுல இருக்கிறதை வாங்குங்க. வாங்கின முதல் ராத்திரியே மெம்டெஸ்ட் போடுங்க, ஒரு சிவப்புக் கோடு வந்தாலும் காலையில கடைக்குத் திருப்பிக் கொண்டு போங்க. கூகுள் சர்வர்கள்ல பார்த்து 2009-ல வந்த ஆய்வுல, ஒரு வருஷத்துல 8 சதவீதத்துக்கு மேல ராம் ஸ்டிக்குகள்ல பிழை வந்திருந்தது. அது அங்க தெரிஞ்சதுக்குக் காரணம் இ.சி.சி ராம். நம்மகிட்ட இருக்கிற சாதா ராம்ல பிழை வந்தா சொல்றதுக்கு ஆளே கிடையாது. டி.டி.ஆர்5-ல சிப்புக்குள்ளயே இ.சி.சி இருக்கேன்னு சீனியர் ஒருத்தர் வாதம் பண்ணார். அது சிப்புக்குள்ள நடக்கிறதைச் சரிபண்ணும், ப்ராசசருக்கும் ராமுக்கும் நடுவுல வர்ற பிழையைப் பார்க்காது.

ப்ராசசர்ல ஒரே ஒரு விஷயம்: டாப் மாடல், புது மாடல் பக்கம் போகாதீங்க. இன்டெலோட 13-ம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர் 2022 கடைசியில வந்தது. அதுவும் 14-ம் சேர்ந்து தேவைக்கு மேல வோல்டேஜ் இழுத்து நாளடைவுல கெட்டுப்போகுதுன்னு தெளிவாகி, மைக்ரோகோடு திருத்தம் வந்தது 2024 ஆகஸ்ட்ல. வாரண்டியை 2 வருஷம் நீட்டினாங்க, சரி. ஆனா ஏற்கெனவே கெட்டது திருத்தத்தால நல்லாகாது. ஏ.எம்.டி பக்கமும் சுத்தம் இல்ல, 2023-ல 7000 எக்ஸ்3டி ப்ராசசர்கள் சில போர்டுகள்ல கருகி, வோல்டேஜுக்கு 1.3-னு வரம்பு கட்ட வேண்டியதாச்சு. ஒரு வருஷம் காத்திருந்தா அடுத்தவன் காசுல டெஸ்டிங் முடிஞ்சிடும். கொஞ்சம் சுயநலம்தான்!

இன்னொண்ணு சொன்னா திட்டுவீங்க. பட்ஜெட் ரொம்ப இறுக்கமா இருந்தா புதுசா அசெம்பிள் பண்றதைவிட, ஆபீஸ்ல இருந்து கழிச்ச ஆப்டிப்ளெக்ஸ், திங்க்சென்டர் மாதிரி மெஷினை வாங்கறது மேல். பார்க்க அசிங்கமா இருக்கும், எஸ்.எம்.பி.எஸ் போனா சாதா ஏ.டி.எக்ஸ் பல மாடல்ல பொருந்தாது. ஆனா தினமும் எட்டு மணி நேரம் ஓடறதுக்காகவே கட்டினது அது. சர்வர்ல இருந்து பிடுங்கின ஸீயான் ப்ராசசரை பேர் தெரியாத போர்டுல போட்டு விக்கறாங்களே, அந்தப் பக்கம் மட்டும் வேண்டாம். பயாஸ் அப்டேட் யார்கிட்ட போய்க் கேப்பீங்க?

சித்தப்பாவுக்குக் கட்டினது: ஒரு தலைமுறை பழைய 65 வாட்ஸ் ப்ராசசர், உள்ளயே இருக்கிற கிராபிக்ஸ், நடுத்தர போர்டு, லிஸ்ட்ல இருந்த 16 ஜி.பி ராம், டி.எல்.சி எஸ்.எஸ்.டி, பட்டுத் தூசிக்காக முன்னாடி வலை ஃபில்டர், காத்து உள்ள இழுக்க ரெண்டு ஃபேன், வெளிய தள்ள ஒண்ணு. எஸ்.எம்.பி.எஸ், யு.பி.எஸ் ரெண்டுக்கும் சேர்த்து மொத்தக் காசுல ஐந்துல ஒரு பங்கு போச்சு. கடைக்காரர் என்னை மேலயும் கீழயும் பார்த்தார். "தம்பி, லைட் எரியற ஃபேன் ஒண்ணுகூட இல்லியே?"

கெட்டுப்போன முக்கால் முழத்துக்கு ஊடையைப் பிரிச்சு எடுத்ததுல தறிக்காரருக்கு ரெண்டு நாள் போச்சு. ஒரு புடவைக்கு இவ்வளவுன்னு கூலி, பிரிக்கிறதுக்குக் கூலி கிடையாது. அந்த ரெண்டு நாளையும், வீணான ஜரிகையையும் சித்தப்பா தன் கையில இருந்துதான் கொடுத்தார். புது மெஷின்ல ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடி ஒரு சிவப்பும் வராத பிறகு, அன்னம் பார்டரை மறுபடி பஞ்ச் பண்ணினோம். அவர் அட்டைக் கட்டை வாங்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டு, கிளம்பறதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ல கழுத்துப் பக்கத்தைப் பெருசு பண்ணிக் காட்டச் சொன்னார். காட்டினோம்.