பழைய நட்டையே போட்டுடலாமுங்களா?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் மெக்கானிக்கல் இல்லை, பி.காம் மூணாம் வருஷம். டெபிட் எது, கிரெடிட் எதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஸ்பேனர் சைஸ் கேட்டா முழிப்பேன். அப்படிப்பட்டவன் எதுக்குக் காரோட முன்சக்கரத்தைப் பத்தி இவ்வளவு நீளமா எழுதறான்னு கேட்டீங்கன்னா, காரணம் இருக்கு. எங்க வகுப்புல அஞ்சு பேர் கிளம்பின 'வால்பாறைக்குப் போகாத வால்பாறை டூர்' பத்தி உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்காக முழுக் கதை.

எங்க வீட்டுக் கார் பதினோரு வருஷப் பழசு. சின்ன வண்டி. ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்கினா முன்னாடி 'கட கட'ன்னு ஒரு சத்தம். கோயம்புத்தூர்ல நாங்க வழக்கமாப் போற ஒர்க்‌ஷாப்ல விட்டோம். ரெண்டு பக்கமும் லோயர் ஆர்ம் போயிடுச்சு, இடது பக்கம் வீல் பேரிங் போயிடுச்சு, ரெண்டு ஆக்சில்லயும் ரப்பர் பூட் கிழிஞ்சிருக்குன்னு சொல்லி ஒரு எஸ்டிமேட் கொடுத்தாங்க. "நீதான் காமர்ஸ் படிக்கறியே, போய் என்னன்னு பார்த்துட்டு வா"ன்னு அப்பா என்னை அனுப்பினார். (அங்கதான் ஆரம்பிச்சது வினை.)

எஸ்டிமேட்ல கடைசிக்கு முந்தின வரி: ஆக்சில் நட், 2, ரூ.260.

"இதென்னங்கண்ணா, நட்டுக்கெல்லாம் காசா?"

"அது கழட்டுனா புதுசு போடறதுங்க தம்பி. வேண்டாம்னா பழசையே போட்டுடலாமுங்க, ஒண்ணும் ஆகாது."

ஒண்ணும் ஆகாதுன்னு அவரே சொல்லிட்டாரு. பேனாவை எடுத்து ஒரே கோடு. 260 ரூபாய், அதுக்கு 18% ஜிஎஸ்டி 46.80, மொத்தம் 306 ரூபாய் 80 பைசா மிச்சம். வீட்டுக்கு வந்து பெருமையாச் சொன்னேன். அப்பாவும் "பரவாயில்லையே"ன்னார்.

மூணு வாரம் கழிச்சு அதே வண்டியில வால்பாறைக்குக் கிளம்பினோம். கிணத்துக்கடவு தாண்டினதும் 'ம்ம்ம்'னு ஒரு முனகல். ரோடு சத்தம்டான்னு பின்சீட்டுல ஒருத்தன் பாட்டு வால்யூமைக் கூட்டினான். (யாருன்னு சொல்ல மாட்டேன், அவனே படிப்பான்.) பொள்ளாச்சி தாண்டினதும் ஒரு விஷயம் கவனிச்சேன். வலது பக்கம் வளைஞ்சா சத்தம் ஏறுது, இடது பக்கம் வளைஞ்சா குறையுது. வலது பக்கம் திரும்பும்போது வண்டியோட பாரம் இடது சக்கரத்து மேல சாயும். இடது பேரிங்தான் கத்துதுன்னு அர்த்தம். இது எனக்கு அப்பத் தெரியாது, அப்புறம் தெரிஞ்சுக்கிட்டது. ஆழியாறு வர்றதுக்குள்ள முனகல் 'கர கர'ன்னு மாறிடுச்சு. நல்ல வேளை, அங்கயே நிறுத்திட்டோம். ஆழியாறு தாண்டினா 40 கொண்டை ஊசி வளைவு. அதுல ஏறி, இறங்கி... வேண்டாம், யோசிக்கவே பிடிக்கலை.

வழியில இருந்த ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்கு ஊர்ந்துக்கிட்டே போனோம். அங்க இருந்த அண்ணன் ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினார். லொட லொடன்னு ஆடுச்சு. நட்டுல ஸ்பேனரை வெச்சு ஒரு கையால திருப்பினார், கழண்டுச்சு. ரெண்டு ஆள் பலம் கேட்க வேண்டிய நட்டு அது. அதை என் உள்ளங்கையில வெச்சு, "பாருங்க தம்பி, பழைய நட்டைப் போட்டிருக்காங்க"ன்னார். அதன் விளிம்புல ஒரு இடம் நசுங்கி, பாதி பிளந்து போயிருந்தது.

இனி மேட்டருக்கு வருவோம்.

முதல்ல ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துடலாம். கடையில 'ஹப் போல்ட்'னு கேட்டா பல பேர் சக்கரத்தை மாட்டற நாலஞ்சு போல்ட்டை எடுத்துக் காட்டுவாங்க. நான் சொல்றது அதை இல்லை. சக்கரத்துக்கு நட்ட நடுவுல, ஆக்சிலோட நுனியில ஹப்பையும் பேரிங்கையும் சேர்த்துப் பிடிக்கற ஒத்தை நட்டு. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா மாதிரி வண்டிகள்ல சில மாடல்கள்ல நட்டுக்குப் பதிலா ஒரு பெரிய போல்ட்டே உள்ள போகும். அதே மாதிரி சில வண்டிகள்ல பேரிங்கை நாலு போல்ட் போட்டு நக்கிள்ல மாட்டியிருப்பாங்க. இவையெல்லாம் ஒரே ஜாதி.

ஒரு போல்ட்டை இறுக்கறதுன்னா என்ன? நாமெல்லாம் அதைத் திருகறதுன்னு நினைக்கறோம். உண்மையில அதை இழுக்கறோம். இரும்பு கொஞ்சூண்டு நீளும், ஸ்பிரிங் மாதிரி திரும்பச் சுருங்கப் பார்க்கும், அந்தச் சுருங்கற விசைதான் ரெண்டு பொருளையும் சேர்த்துப் பிடிக்குது. பல முன்சக்கரப் பேரிங்குகள்ல உள்வளையம் ரெண்டு தனித்தனித் துண்டு. அது ரெண்டையும் ஒட்டி நிக்க வைக்கறதே இந்த நட்டோட பிடிதான். பிடி தளர்ந்தா வளையம் விலகும், குண்டு தாறுமாறா உருளும், பேரிங் சாகும். அதனாலதான் இந்த நட்டை முழுசா இறுக்காம வண்டியோட பாரத்தைச் சக்கரத்துல இறக்கவே கூடாதுன்னு சொல்றாங்க.

சரி, பழசைப் போட்டா என்ன கெடுதல்? வகைக்கு ஒரு கெடுதல். ஜெர்மன் வண்டிகளோட போல்ட்டை முதல்ல ஒரு அளவுக்கு இறுக்கி, அதுக்கு மேல இத்தனை டிகிரின்னு கோணக் கணக்குல திருப்புவாங்க. அப்ப அது திரும்ப முடியாத அளவுக்கு நீண்டிடும். ஏற்கெனவே நீண்டதை மறுபடி நீட்டினா அதே கோணத்துல அதே பிடி வராது, அறுந்தும் போகலாம். கழட்டினா புதுசு போடுன்னு அந்தக் கம்பெனியோட ஒர்க்‌ஷாப் கையேட்டுலயே இருக்கு.

எங்க வண்டியில இருந்தது வேற வகை. இங்க ஓடற சின்ன வண்டிகள் பலதுல இதுதான். நட்டோட விளிம்பு மெல்லிசா இருக்கும். ஆக்சில் நுனியில ஒரு பள்ளம் இருக்கும். நட்டைச் சரியான அளவுக்கு இறுக்கின பிறகு, பள்ளத்துக்கு நேரா இருக்கற விளிம்பை உளி வெச்சு உள்ள அடிச்சு மடக்கிடுவாங்க. நட்டு திரும்பாம இருக்க அது ஒரு பூட்டு. கழட்டும்போது அந்த மடிப்பை நிமிர்த்தணும். தகரத்தை ஒரு தடவை மடக்கி நிமிர்த்தினா அந்த இடம் என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். மறுபடி அதே இடத்துல மடக்கினா பிளக்கும்.

ஆனா எனக்கு நிஜமா ஆத்திரம் வந்தது இதைக் கேட்டு இல்லை. இன்னொண்ணு சொன்னார் அந்த அண்ணன். பழைய நட்டுல ஏற்கெனவே நசுங்கின இடம் ஒண்ணு இருக்கா, திரும்ப மாட்டறவர் என்ன பண்றார்? அந்த நசுங்கல் பள்ளத்துக்கு நேரா வர்ற இடத்துல நிறுத்திடறார். அதாவது எவ்வளவு இறுக்கணும்னு முடிவு பண்றது கையேடு இல்லை, டார்க் ரெஞ்ச் இல்லை, பழைய நசுங்கல்! இது எப்படி இருக்குன்னா, போன வருஷ டிரையல் பேலன்ஸ்ல வந்த மொத்தத்தையே இந்த வருஷமும் எழுதிட்டு டேலி ஆயிடுச்சுன்னு சொல்ற மாதிரி.

டார்க் ரெஞ்ச்னு சொன்னேன் இல்லையா, அதையும் பார்த்துடலாம். சின்ன வண்டிகள்ல இந்த நட்டுக்கு 200 நியூட்டன் மீட்டர் பக்கம் சொல்லியிருப்பாங்க (வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பார்க்கணும்). ஒரு மீட்டர் நீளக் கம்பியோட நுனியில 20 கிலோ தொங்கவிட்டா வர்ற விசை அது. ஸ்பேனர்ல ஒரு மீட்டர் பைப்பைச் சொருகி 70 கிலோ ஆள் நுனியில ஏறி நின்னா 700. ரெண்டுமே நம்ம ஊர்ல "நல்லா டைட்டுங்க"தான். புது நட்டு வாங்கிக் கொடுத்து, அதை இந்த மாதிரி ஏறி நின்னு இறுக்கினா பிரயோஜனம் இல்லைன்னு என் நண்பன் ஒருத்தன் (அவங்க அப்பா லேத் வெச்சிருக்கார்) சொல்றான். முழுக்க ஒத்துக்கறேன். நட்டும் வேணும், அளவும் வேணும். ஆனா அளவு பார்க்காத கடைக்காரர் நட்டையும் மாத்தலைன்னா, அவரைக் காப்பாத்த என்ன மிச்சம் இருக்கு?

"முப்பது வருஷமா இப்படித்தாங்க போடறோம், ஒண்ணும் ஆனதில்லை." இந்த வசனத்தைக் கேட்காதவங்க கையைத் தூக்குங்க. எங்க வண்டியோட வலது பக்கமும் அதே பழைய நட்டுதான், அது கெட்டியாத்தான் நின்னுச்சு. நேர்மையா அதையும் சொல்லிடறேன். ஆனா அந்த முப்பது வருஷக் கணக்கை யார் எழுதினது? ஆறு மாசத்துல பேரிங் போனா, கஸ்டமர் 'மட்டமான பேரிங்'னு நினைச்சு வேற கடைக்குப் போவார். முதல் கடையோட கணக்குல அது வரவே வராது. திரும்பி வராத ஆளை எல்லாம் திருப்தியான கஸ்டமர்னு எழுதற கணக்கு அது.

"கம்பெனிக்காரன் காசு பிடுங்கறதுக்காக எழுதி வெச்சிருக்கான்." பிடுங்கறாங்க, இல்லைன்னு சொல்லலை. டாஷ்போர்டு பாலிஷ், ஏசி வாசனை ஸ்பிரேன்னு ஆயிரக்கணக்குல பில் போடறாங்க, நாமளும் வாயை மூடிக்கிட்டுக் கட்டறோம். ஏன்னா அது கண்ணுக்குத் தெரியுது, மணக்குது. 130 ரூபாய் நட்டு வீல் கப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கு, அதை வெட்டறோம். எஸ்கேஎஃப், எஃப்ஏஜி மாதிரி கம்பெனிகள் விற்கற பேரிங் கிட்டுகள் பலதுல புது நட்டோ போல்ட்டோ டப்பாவுக்குள்ளயே வருது. பேரிங் செய்யறவனே அது இல்லாம வேலை முடியாதுன்னு நினைச்சு உள்ள வைக்கறான். நாம பேரிங்கை மட்டும் உதிரியா வாங்கி மாட்டி, கிட் வாங்கறவனை ஏமாளின்னு சொல்றோம்.

எல்லா நட்டையும் கடாசுன்னு நான் சொல்ல வரலை. சக்கரத்து நட்டு பல தடவை கழட்டி மாட்டத்தான் செஞ்சிருக்கு. காடி வெட்டின நட்டுல ஸ்பிளிட் பின் போடற வகையில, மரை நல்லா இருந்தா நட்டு ஓடும், பின் மட்டும் புதுசு. ஷாக் அப்சார்பர் மட்டும் மாத்தறதுக்குப் பல வண்டிகள்ல இந்த நடு நட்டைத் தொடவே வேண்டாம். தொடாத நட்டுக்குப் பில் போட்டா சண்டை போடுங்க, நானும் வர்றேன். (சும்மா ஒரு தகவல்: லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டுக்கு விதி தலைகீழ். பெரும்பாலான வண்டிகள்ல சக்கரம் தரையில நின்னு பாரம் இறங்கின நிலையிலதான் அதைக் கடைசியா இறுக்கணும். இல்லைன்னா ரப்பர் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும்.)

ஆடிட்டிங் பேப்பர்ல 'மெட்டீரியாலிட்டி' படிச்சோமே, தணிக்கைத் தரநிலை 320, ஞாபகம் இருக்கா? தொகை சின்னதுங்கறதுக்காக ஒரு விஷயம் முக்கியமில்லைன்னு ஆகிடாது, அதோட தன்மையையும் பார்க்கணும்னு. இன்டர்னல்ல அதுக்குப் பக்கம் பக்கமா எழுதி மார்க் வாங்கினவன், எஸ்டிமேட்ல தொகை காலத்தை மட்டும் பார்த்து வெட்டியிருக்கேன். கணக்கு இதோ: ஆழியாறு ரோட்டுல மறுபடியும் பேரிங் 1,480, பிரெஸ் பண்ணி மாட்ட லேபர் 1,200, ரெண்டு புது நட்டு 260. ஆக 2,940 ரூபாய். மிச்சம் பிடிச்சது 306.80.

கேஸ் போடலாமான்னும் ஒருத்தன் கேட்டான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, தேவையான தகவலை வேண்டும்னே மறைச்சாலும் சேவைக் குறைபாடுதான்னு இருக்கு. ஆனா இங்க யாரும் மறைக்கலை. கழட்டினா புதுசு போடறதுன்னு சொன்னாங்க. வெட்டினது என் பேனா.

இருந்தாலும் நான் விடமாட்டேன். அந்தக் கேள்வியையே அவர் என்கிட்ட கேட்டிருக்கக் கூடாது. ஊசி போடற டாக்டர் "புதுசா, பழசையே குத்திடலாமுங்களா?"ன்னு கேட்பாரா? கேட்டா நோயாளியில பாதிப் பேர் பழசே போதும்னுதான் சொல்லுவாங்க, மலிவாச்சே. தெரியாதவன்கிட்ட முடிவை விடறதுக்குப் பேரு மரியாதை இல்லை, பொறுப்பைக் கை கழுவறது.

பழைய நட்டை எடுத்துக்கிட்டுப் போய் அவர் மேஜை மேல வெச்சேன். கோபப்படலை அவர். "நட்டைப் பில்லுல போட்டா அடுத்த கடைக்காரன் 260 கம்மியாச் சொல்றானுங்க தம்பி. நீங்களே அங்கதான் போவீங்க"ன்னார். எனக்குப் பதில் சொல்ல முடியலை. ஏன்னா போயிருப்பேன்.

அதுக்கு ஒரே வழிதான் எனக்குத் தோணுது. நட்டைத் தனி வரியாப் போடாதீங்க. 'பேரிங் வேலை, இவ்வளவு ரூபாய்'னு ஒரே வரி, நட்டு அதுக்குள்ள. வெட்டறதுக்கு வரியே இருக்காது. நாமளும் ரெண்டு கடையில ரேட் கேட்கும்போது "நட்டோட சேர்த்தாங்க? டார்க் ரெஞ்ச் இருக்குங்களா?"ன்னு கேட்டுட்டு அப்புறம் ஒப்பிடணும். கழட்டின நட்டைக் கையில கேட்டு வாங்கிக்கணும். அவர்கிட்ட இதைச் சொன்னேன். யோசிக்கறேன்னார். அடுத்த தடவை அப்பா சர்வீசுக்கு விடும்போது பில்லைப் பார்த்துட்டுச் சொல்றேன்.

பி.கு.: வால்பாறை ரூம்காரர் அட்வான்ஸ் 1,500-ஐத் திருப்பித் தர மாட்டேன்னுட்டார், ஆனா செமஸ்டர் லீவுல வந்தா கழிச்சுக்கறாராம். அஞ்சு சீட்டுல ஒண்ணு காலி. வால்யூமைக் கூட்டினவன் தவிர யார் வேணும்னாலும் பேர் கொடுக்கலாம்.